பருவக் கணக்கும் பொறுப்புக் கணக்கும்: கண்டரமாணிக்கம் முதலிய நகரத்தார் ஊர்களின் வாழ்க்கைப் படிநிலைகள்

முன்னுரை

மாந்தர் பிறந்து, வளர்ந்து, மூத்து, மறையும் காலத்தைப் பல கூறாகப் பகுத்துப் பெயரிடும் வழக்கம் பழைய நாகரிகங்கள் பலவற்றிலும் காணப்படுவது. தமிழில் அப்பகுப்பு இருவகையாக நமக்குக் கிடைத்துள்ளது. ஒன்று, தொல்காப்பியம் முதலாகப் பாட்டியல் நூல்கள் ஈறாக இலக்கணத்தார் வகுத்த பருவப் பெயர்கள். மற்றொன்று, ஊர்கள் தம் சடங்காலும் தொழிலாலும் கணக்கேட்டாலும் நடைமுறையில் அமைத்துக்கொண்ட படிநிலைகள். இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஒப்பிட்டு நோக்குதலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒப்பீட்டிற்குரிய களம் கண்டரமாணிக்கம். சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூரை அடுத்துள்ள இவ்வூர், நாட்டுக்கோட்டை நகரத்தார் வாழும் ஊர்களுள் ஒன்று. இளையாத்தங்குடி முதலிய ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்து வாழும் நகரத்தார்க்குச் சடங்கும் வணிக முறையும் பெரும்பாலும் பொதுவாதலின், அண்டை ஊர்களின் சான்றுகளும் ஈண்டு எடுத்தாளப்படும். இவ்வூர்களில் உழவரும், கைவினைஞரும், கூலியாளரும் வாழ்ந்தனர். அவர்தம் மக்களின் வளர்ச்சியை எந்த ஏடும் பதிவு செய்யவில்லை. கணக்கெழுதத் தெரிந்த குடியின் படிநிலைகளே நமக்கு எட்டுகின்றன என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இலக்கணம் வகுத்த பருவக் கணக்கு மலர்ச்சியோடு நின்றுவிடுகிறது. ஊர் வகுத்த பொறுப்புக் கணக்கோ முதுமை வரை செல்கிறது. ஆயின் அப்பொறுப்புக் கணக்கு, இளையோர்க்குரிய பருவத்தைச் சில இடங்களில் விழுங்கியும் விட்டது. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

குழவிப் பருவம்

தொல்காப்பிய மரபியல், பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என இளமைப் பெயர் ஒன்பதனைத் தொகுத்து, அவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டையே மக்கட்கு உரியவாக வரையறுக்கிறது. பிள்ளை என்னும் சொல் அந்நாளில் மக்கட்கு உரியதன்று. தென்னம்பிள்ளை, கிளிப்பிள்ளை, அணிற்பிள்ளை என்னும் இன்றைய வழக்குகள் அப்பழமையைக் காத்து நிற்கின்றன. குழவியைப் பாடுதலும் பாடாண் பகுதிக்கு உரித்தென்னும் புறத்திணையியல் விதியிலிருந்து பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் கிளைத்தது. கி.பி. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடிய பிள்ளைத்தமிழ் அவ்வகையில் முற்பட்டதாகும்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன ஆண்பாற்கும், கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன பெண்பாற்கும் சிறப்பு. மூன்றாந் திங்கள் தொடங்கி ஒற்றைப்படைத் திங்களாக இவற்றை எண்ணுதல் ஒரு மரபு. பாட்டியல் நூல்கள் இக்கணக்கில் தம்முள் சிறிது வேறுபடுதலும் உண்டு.

இவ்வரிசையை வெறும் புலவர் கற்பனை என்று தள்ளுதல் பொருந்தாது. செங்கீரைக்குரிய ஐந்தாந் திங்களில் குழந்தை கையூன்றித் தலை நிமிர்கிறது. தாலுக்குரிய ஏழாந் திங்களில் நா புரண்டு மழலை ஒலிகள் எழுகின்றன. சப்பாணிக்குரிய ஒன்பதாந் திங்களில் இரு கையையும் ஒன்றோடொன்று சேர்த்துக் கொட்ட முயல்கிறது. வாரானைக்குரிய பதின்மூன்றாந் திங்களில் தளர்நடை இடுகிறது. இன்றைய குழந்தை மருத்துவர் கொண்டுள்ள வளர்ச்சி அட்டவணையும் ஏறத்தாழ இவ்வொழுங்கினதே. குழந்தைக்குக் குழந்தை ஓரிரு திங்கள் முன்பின்னாக அமைதல் இயல்பு.

அம்புலிப் பருவம் இவற்றுள் தனித்து நோக்கற்பாலது. முன்னைய பருவங்கள் பெரும்பாலும் உடலின் ஆற்றலைக் காட்டுவன. அம்புலியோ அறிவின் ஆற்றலைக் காட்டுவது. தாய் சுட்டும் விரலைப் பாராது, அவ்விரல் சுட்டும் பொருளைப் பார்த்தல் குழந்தைக்கு எளிதன்று. ஒருவர் கருதும் பொருளையே தானும் கருதும் இத்திறம் மொழி கற்றலுக்கு அடிப்படை என்று இற்றை உளநூலார் கூறுவர். இலக்கணத்தார் அதற்குக் காரணம் கூறவில்லை. ஆயினும் அது நிகழும் காலத்தைக் கண்டு பெயரிட்டுள்ளனர்.

ஏழும் ஏழும்

குழவி நீங்கிய பின் மகளிர்க்கும் ஆடவர்க்கும் ஏழேழு பருவங்கள் கூறப்படும். பெருவழக்கான கணக்கின்படி, பேதை 5 முதல் 7. பெதும்பை 8 முதல் 11. மங்கை 12, 13. மடந்தை 14 முதல் 19. அரிவை 20 முதல் 25. தெரிவை 26 முதல் 31. பேரிளம்பெண் 32 முதல் 40 ஆண்டு. ஆடவர்க்கு, பாலன் 7 வரை, மீளி 10 வரை, மறவோன் 14 வரை, திறலோன் 15, காளை 16, விடலை 30 வரை, அதன்மேல் முதுமகன்.

இவ்வெல்லைகளுள் ஏழும் பதினொன்றும் கருதத்தக்கன. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாசே (1896–1980) குழந்தையின் அறிவு வளர்ச்சியை நான்கு நிலையாகப் பகுத்தார். இரண்டு வயது வரை புலனும் செயலும்; ஏழு வரை தன்னோக்கான எண்ணம்; பதினொன்று வரை கண்முன் உள்ள பொருள்களைக் கொண்டு முறைப்பட எண்ணுதல்; அதன்மேல் பொருளின்றியே கருத்தைக் கொண்டு எண்ணுதல். பேதை ஏழில் முடிதலும் பெதும்பை பதினொன்றில் முடிதலும் இவற்றோடு ஒத்துள்ளன. இவ்வொற்றுமை கொண்டு பாட்டியலார் உளநூல் அறிந்தவர் என்று முடிவு கட்டுதல் மிகையாகும். உலாப் பாடுதற்குப் பெண்டிர் பருவங்களை வகுத்தவர்க்கு அறிவின் வளர்ச்சி நோக்கமன்று. ஆயினும், விளையாட்டும் பேச்சும் மாறும் எல்லையை அவர்கள் கண்ணாற் கண்டு குறித்தனர் எனக் கொள்ளுதல் தகும்.

நாற்பதிற்குப் பின் மகளிர்க்குப் பெயரில்லை. முப்பதிற்குப் பின் ஆடவர் அனைவரும் முதுமகனே. காதலும் வீரமும் பாடுபொருளாகக் கொண்ட இலக்கணத்திற்கு அதன்மேற் பெயர் வேண்டப்படவில்லை. சங்கப் புலவர் முதுமையை அறியாதவரல்லர். பூண் கட்டிய தண்டூன்றி இருமியபடி நிற்கும் முதியவர், மடுவிற் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய தம் இளமையை நினைந்து இரங்கும் புறநானூற்றுப் பாடலை இயற்றியவர், தொடித்தலை விழுத்தண்டினார் என்று அத்தண்டினாலேயே பெயர் பெற்றார். எனினும் அம்முதுமை, இழந்த இளமையின் எச்சமாகக் காட்டப்படுகிறதேயன்றித் தனக்கெனப் படிநிலைகளை உடையதாகக் காட்டப்படவில்லை.

பெட்டியடி முதல் மேலாள் வரை

நகரத்தார் ஊர்களின் கணக்கு வேறு. அங்கே ஒருவன் எத்துணை ஆண்டு உடையவன் என்பதினும், எதனை நம்பி அவனிடம் ஒப்படைக்கலாம் என்பதே அளவுகோல்.

எட்கார் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில், நகரத்தார் சிறுவர் மணத்திற்கு முன் செய்யவேண்டிய சூப்பிடிச் சடங்கைக் குறித்துள்ளார். கார்த்திகை நாளில் சிறுவனைக் குதிரைமேலேற்றிப் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துச் செல்வர். சிறுமியர்க்கு மார்கழித் திருவாதிரை அதற்கு ஈடானது. அந்நாளில் அவர்கள் வீடுதோறும் சென்று காய்கறி பெற்று வருவர். புதுமை என்று இச்சடங்குகள் வழங்கும். குழந்தை தன் வீட்டின் முகப்பைக் கடந்து ஊரின் கண்முன் நிற்றலே இவற்றின் பொருள் எனலாம்.

திண்ணைப் பள்ளியில் சிறுவன் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். முந்திரியாகிய 1/320, காணியாகிய 1/80, மாவாகிய 1/20 முதலிய கீழ்வாய் இலக்கங்களின் பெருக்கம், பொருள் விளங்குமுன்னரே நாவிற் பதிந்தது. பின்னர் அவன் கடல் கடந்து, பர்மாவிலோ, இலங்கையிலோ, மலேயாவிலோ உள்ள ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக அமர்ந்தான். பணப்பெட்டியின் அருகிருந்து ஏவல் செய்தலும், ஏடு எடுத்துக் கொடுத்தலும், கூட்டிச் சரிபார்த்தலும் அவன் தொழில். மனத்திற் கிடந்த கீழ்வாய் இலக்கம் அங்கே வட்டியாயிற்று. தேர்ச்சி பெற்றவன் அடுத்தாள் ஆவான். அவனுள்ளும் நம்பத்தக்கவன் மேலாளாகி, ஊரிலிருக்கும் முதலாளியின் முதலைத் தன் பொறுப்பில் நடத்துவான். மும்மூன்று ஆண்டாக அமைந்த தவணையில் இவை நிகழ்ந்தன. தவணை முடிந்து ஐந்தொகை ஒப்புவித்து ஊர் திரும்புதல் ஒவ்வொரு படியின் எல்லை.

இத்தொழிலின் அளவைச் சில எண்களால் உணரலாம். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு (1929–30), அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றின் முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் கணித்தது. அத்தனை பெட்டிகளின் அருகிலும் சிறுவர் வேண்டப்பட்டனர். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதில் அவர் சென்றனர். இலக்கணம் மீளி என்றும் மறவோன் என்றும் பெயரிட்ட ஆண்டுகள், ஊர்க் கணக்கில் முதல் தவணையாக எழுதப்பட்டன. கருத்தைக் கொண்டு எண்ணும் திறம் அரும்பும் பதினோராம் ஆண்டில், அத்திறத்தைக் கணக்கு ஒன்றிற்கே உரியதாக்கினர். நுட்பமான கல்விமுறை அது. ஆனால் குறுகிய கல்விமுறை.

பெட்டியடியிலிருந்து புலமைக்கு

அம்முறையின் ஆற்றலையும் குறையையும் இரு தமிழறிஞர் வாழ்க்கை தெளிவாக்கும்.

மகிபாலன்பட்டியில் 1881-இல் பிறந்த மு. கதிரேசச் செட்டியார், திண்ணைப் பள்ளியில் சிறிது காலமே பயின்று, பதினொரு வயதளவில் வணிகத்தின்பொருட்டு இலங்கை சென்றார். மூன்றாண்டுத் தவணைக்குப் பின் மீண்டார். இளமையிலேயே வாத நோயால் நடை தளர்ந்தமையின், முதியோர்க்குரிய ஊன்றுகோல் அவர்க்கு முன்னரே துணையாயிற்று. பருவ முறையில் எண்ணின் அவர் கல்விக்காலம் கடந்தவர். தொழில் முறையில் எண்ணின் அடுத்த தவணைக்கு ஆகாதவர். அந்நிலையில் தமிழும் வடமொழியும் தாமே முயன்று கற்றார். 1909-இல் மேலைச்சிவபுரியில் சன்மார்க்க சபை தோன்றத் துணைநின்றார். மிருச்சகடிகத்தை மண்ணியல் சிறுதேராக்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். பண்டிதமணி என்னும் பெயரோடு 1953-இல் மறைந்தார்.

மேலைச்சிவபுரியில் 1917-இல் பிறந்த வ. சுப. மாணிக்கனார், இளமையிலேயே பெற்றோரை இழந்தவர். பன்னிரண்டு வயது நிரம்புமுன்னரே இரங்கூனில் பெட்டியடிப் பையனானார். வருமான வரி அலுவலர் வரும்போது முதலாளி இல்லையென்று கூறுமாறு பணிக்கப்பட்டு, பொய் கூற மறுத்தமையால் வேலை இழந்து ஊர் மீண்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னர்ப் பண்டிதமணியாரிடம் தமிழ் பயின்று, காரைக்குடி அழகப்பா கல்லூரியிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக உயர்ந்தார். தமிழ்க் காதல் என்னும் ஆய்வுநூல் அவருடையது.

அமெரிக்க உளநூலறிஞர் லாரன்சு கோல்பர்க்கு, ஒழுக்க உணர்ச்சியின் வளர்ச்சியை ஆராய்ந்தபோது, ஏவியவர்க்குக் கீழ்ப்படிதலைத் தொடக்க நிலையாகவும், கொள்கைக்குக் கட்டுப்படுதலை முதிர்ந்த நிலையாகவும் வைத்தார். ஊரின் பொறுப்புக் கணக்கு மாணிக்கனாரைப் பெட்டியடியிலேயே வைத்திருந்தது. அவர்தம் நெஞ்சமோ அப்படியைக் கடந்து நின்றது. ஒருவன் வளர்ச்சியை அவன் வகிக்கும் பதவி முழுதும் அளந்துவிடாது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

இவ்விருவரும் தப்பியவர். தப்பாதவர் எத்துணையர் என எந்தப் பேரேடும் கூறாது.

புள்ளியும் அரைப்புள்ளியும்

நகரத்தார் மணத்தில் இசைகுடிமானம் என்னும் எழுத்தாவணம் எழுதப்படும். மணமகள் கழுத்துரு பூணுவாள். மணத்தால் ஓர் ஆடவனும் பெண்ணும் ஒரு புள்ளியாகின்றனர். கோயிற்கும் ஊர்க்கும் வரி இறுத்தலும் சிறப்புப் பெறுதலும் புள்ளியின் அளவிலேயே நிகழும். மணமாகாதவன் எத்துணை மூத்தவனாயினும் தனிப் புள்ளியாகான். வாழ்க்கைத்துணையை இழந்தவர் அரைப்புள்ளியாவர்.

மணத்திற்குப் பின் வேறு வைத்தல் நிகழும். ஒரே வீட்டின் வளவில் தனி அறையும் தனி அடுப்பும் கொடுத்து, ஆண்டிற்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என வரையறுத்துப் புது இணையரைத் தனிக்குடியாக்குவர். பெற்றோர் கண்முன்னரே, அவர்தம் கையை எதிர்பாராது வரவறிந்து செலவிடப் பயில்வித்தல் இதன் நோக்கம். குழந்தை கையை விட்டு நடக்கப் பழகும் வாரானைப் பருவத்தை ஒப்பது இது.

கணவன் மூன்றாண்டு கடலுக்கப்பால் இருக்கையில் இவ்வடுப்பை நடத்தியவள் மனைவியே. மக்களை வளர்த்தலும், உறவினர் செய்முறையைப் பேணலும், சீதனப் பணத்தின் வட்டியை அறிந்து வைத்தலும் அவள் கடன். ஆச்சி என்னும் அழைப்பு வயதினால் மட்டும் அன்றி இப்பொறுப்பினாலும் பெற்றதாகும். ஆயின் அவள் அதற்குக் கொடுத்த விலையையும் நோக்கல் வேண்டும். நாட்டில் பல குடிகளிலும் பெதும்பைப் பருவத்திலேயே மணம் நிகழ்ந்த காலம் அது. 1929-இல் நிறைவேறி 1930 ஏப்பிரல் முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 எனக் கீழெல்லை வகுத்தது. 1978-இல் அது 18, 21 என உயர்ந்தது. இலக்கணம் மங்கை, மடந்தை என இரு பெயரிட்டுப் போற்றிய ஆண்டுகள், மண ஏட்டில் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தன. கைம்மை எய்தியவளை அரைப்புள்ளி என எண்ணியதும், ஆள் ஒருவரின் வளர்ச்சியை இணையின் இருப்பால் அளந்ததன் விளைவே.

அறுபதிற்கு மேல்

இலக்கணம் பெயரிடாது விட்ட இடத்தில் ஊர் தன் கணக்கைத் தொடர்ந்தது. ஆடவர் பாதரக்குடி மடத்திலும் மகளிர் துலாவூர் மடத்திலும் உபதேசம் பெறுதல் நகரத்தார் மரபு. அதனையடுத்து அறுபது நிறைதலும், எழுபதில் பீமரத சாந்தியும், எண்பதில் சதாபிடேகமும் பெருவிழாவாக நிகழும். அறுபதாம் மணத்தில் மனைவி மீண்டும் கழுத்துரு பூணுவாள்.

இவ்வெண்கள் வானியற் கணக்கிற் பிறந்தன. அறுபதாண்டு வட்டத்தில் ஒருவன் பிறந்த ஆண்டின் பெயர் மீள வருகிறது. எண்பதாண்டும் சில திங்களும் வாழ்ந்தவன் ஆயிரம் முழுமதி கண்டவனாகிறான். ஆயினும் வானத்தினும் மண்ணில் அவற்றிற்குப் பொருள் மிகுதி. 1941–51-ஆம் பத்தாண்டில் இந்தியர் பிறப்பிலிருந்து எதிர்பார்க்கத்தக்க வாழ்நாள் ஏறத்தாழ 32 ஆண்டே. குழவிச் சாவின் மிகுதியால் இவ்வெண் தாழ்ந்தது என்பது உண்மையே. எனினும் அறுபதில் கணவனும் மனைவியும் ஒருங்கிருத்தல் அரிதாயிருந்தமையின் அது விழாவாயிற்று. இன்று அவ்வெண் ஏறத்தாழ 70.

பியாசேயின் படிகள் இளமையோடு முடிந்தன. எரிக் எரிக்சன் 1950-இல் வெளியிட்ட நூலில் எட்டு நிலைகளை வகுத்து முதுமை வரை சென்றார். ரேமண்டு காட்டல் 1963-இல், புதியதை விரைந்து பற்றும் நெகிழறிவு இளமைக்குப் பின் தளரும் என்றும், பழகிப் பெற்ற திரண்ட அறிவு நெடுங்காலம் நிலைக்கும் என்றும் வேறுபடுத்தினார். பெட்டியடியில் விரைந்து கூட்டுதற்குச் சிறுவனையும், வழக்குத் தீர்த்தற்கு முதியவரையும் அமர்த்திய ஊர், இவ்வேறுபாட்டை நூலின்றியே நடைமுறையில் கொண்டிருந்தது.

படிகளின் முறிவு

1942 மார்ச்சில் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். பெட்டியும் பேரேடும் விட்டு வந்தோர் பலர். 1948-இன் நிலச் சட்டமும் 1963-இன் வங்கி நாட்டுடைமையும் எஞ்சியவற்றை முடித்தன. பெட்டியடிப் பையன் என்னும் பருவம் அத்தோடு மறைந்தது. அதன் இடத்தைப் பள்ளி பெற்றது. 1947-இல் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் தொடங்கிய கல்லூரியும் அதனைத் தொடர்ந்த நிறுவனங்களும், வணிகத்தில் ஈட்டிய பொருளையே இப்புதிய பருவத்திற்கு முதலாக்கின. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வரை கட்டாயக் கல்வி என வகுத்தது. மீளியும் மறவோனும் ஆகிய ஆண்டுகள் சிறுவனுக்கு மீட்டுக் கொடுக்கப்பட்டன எனலாம்.

இளமைக்கு மீட்சி கிடைத்த காலத்திலேயே முதுமைக்கு இழப்பு நேர்ந்தது. முகப்பும் வளவும் பல கட்டுகளும் உடைய வீடுகள், பல அடுப்புகள் ஒருங்கெரியக் கட்டப்பட்டவை. மக்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ, அவ்வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஐயாவோ அப்பத்தாவோ தனித்திருக்கின்றனர். விழா நாளில் கூட்டம் நிறைகிறது. விழாவிற்கு மறுநாள் அம்முதியவரிடம் கேட்டறியவும் ஒப்படைக்கவும் ஆளில்லை. சடங்கு நிற்க, அது சுட்டிய பொறுப்பு மட்டும் நீங்கிவிட்டது.

முடிவுரை

பாட்டியற் கணக்கு பருவத்தைப் போற்றியது. ஆயின் நாற்பதில் நின்றது. ஊர்க் கணக்கு எண்பது வரை நடந்தது. ஆயின் பத்து வயதில் தொடங்கும் தவணைக்காக இளமையையும், புள்ளிக்காகப் பெண்ணின் பருவத்தையும் செலவெழுதிற்று. உடலும் அறிவும் தத்தம் முறையில் வளரும் காலத்தை விட்டுக்கொடுத்தலும், வளர்ந்தவர்க்கு இறுதிவரை ஒரு பொறுப்பை வைத்திருத்தலும் ஒருங்கே வேண்டப்படுவன. முன்னதைப் பாட்டியலும் பின்னதை நகரத்தார் வழக்கும் நமக்குக் கற்பிக்கின்றன.

கடை ஏடுகளும், இசைகுடிமானங்களும், மொய்ப்பண ஏடுகளும் வீடுகள் விற்கப்படுந்தோறும் அழிந்து வருகின்றன. அவற்றில் ஒவ்வொரு சிறுவனும் எந்த வயதில் பெட்டியடிக்குச் சென்றான், எந்த வயதில் மீண்டான், எந்த வயதில் புள்ளியானான் என்பதற்குச் சான்றுகள் உள. கண்டரமாணிக்கம் முதலிய ஊர்களில் எஞ்சியிருக்கும் முதியோர் அவ்வேடுகளின் சொற்களுக்குப் பொருள் உரைக்க வல்லார். ஏடுகளைத் தொகுத்தலும் முதியோரைக் கேட்டெழுதுதலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். பாட்டியலைப் பாடமாகப் பயிலும் மாணவர் அப்பணியை மேற்கொள்வாராயின், பெயரில்லாப் பருவங்களுக்குப் பெயரும் வரலாறும் கிடைக்கும். முதியோர்க்கும் ஒப்படைக்க ஓர் ஆள் கிடைக்கும்.